பிரியாணி வாங்கித் தருவான்... கத்தியையும் கையில் தருவான்! பிள்ளை பிடிக்கும் ரவுடிக் கும்பலிடம் இருந்து மீண்ட வடசென்னைச் சிறுவன்

வியாசர்பாடியில் ஒரு வீடு. ஒரே அறை. அதில்தான் அடுப்பு. அதில்தான் படுக்கை.

மதியம் 2 மணி. மறுநாள் காலை இட்லி வியாபாரத்துக்கு அரிசி ஊறவைக்க வேண்டும். அந்தத் தாய், ரேஷன் அரிசி டிரம்முக்குள் படியை விட்டாள்.

'ணங்' என்று ஒரு சத்தம்.

கையை விட்டுத் துழாவினாள். பழைய லுங்கித் துணியில் சுற்றிய ஒரு பொருள் வந்தது. பிரித்துப் பார்த்தாள். அவ்வளவுதான், கால் இரண்டும் துவண்டு தரையில் உட்கார்ந்து விட்டாள்.

முழங்கை நீளத்துக்கு ஒரு பட்டாக்கத்தி!

வீட்டில் இருப்பது மூன்றே பேர். தகப்பனுக்கு லாரி. மாதத்தில் 20 நாள் வெளியூர். தாய்க்கு இட்லிக் கடை. மீதி இருப்பது ஒரே மகன். வயது 16. மீசை கூட சரியாக முளைக்கவில்லை.

"சோறு பொங்குற அரிசிக்குள்ள கத்தியை வெச்சிருக்கான் பாருங்க. அன்னைக்கு அந்த அரிசியில கை வைக்கவே மனசு வரலை" என்கிறாள் அந்தத் தாய்.

சிறுவனின் பெயரை வெளியிடக்கூடாது. சட்டம் அப்படி. எனவே இங்கே அவன் 'தம்பி'. தெருவின் பெயரும் வேண்டாம். இந்தக் கதை நடக்க ஒரு குறிப்பிட்ட தெரு தேவை இல்லை. வடசென்னையில் மட்டும்தான் நடக்கிறது என்றும் யாரும் நினைக்க வேண்டாம்.

கணக்கில் பெயில்!

தம்பி பத்தாம் வகுப்பு வரை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவன். பொதுத் தேர்வில் நாலு பாடம் பாஸ். கணக்கில் பெயில்.

துணைத் தேர்வு எழுதலாம். ஆனால் தம்பி எழுதவில்லை. "மறுபடியும் பெயில் ஆனா மானம் போயிடும்" என்று இருந்து விட்டான். கூடப் படித்தவர்கள் பிளஸ்-1 சேர்ந்து விட்டார்கள். காலையில் அவர்கள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு போகும்போது, இவன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பான். மாலையில் தெருமுனைக்கு வருவான்.

தெருமுனையில் ஒரு 'அண்ணன்' இருந்தார்.

அண்ணனுக்கு வயது 27. கழுத்தில் செயின். கையில் பச்சை. வேலை என்று எதுவும் கிடையாது. ஆனால் பாக்கெட்டில் எப்போதும் பணம். பைக் மட்டும் மூன்று.

முதல் நாள் அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சாப்ட்டியாடா தம்பி?"

பெற்ற தாய் காலை 4 மணிக்கு அடுப்பில் உட்கார்ந்தால், மகன் சாப்பிட்டானா என்று கேட்க மதியம் ஆகிவிடும். தகப்பன் ஆந்திராவில் எங்கோ லாரியில். பள்ளிக்கூடத்தில் அவன் பெயரை அடித்து விட்டார்கள். ஒரு வருஷத்தில் அவனை அப்படிக் கேட்ட முதல் ஆள் அந்த அண்ணன்தான்!

அன்று பிரியாணி. மறுநாள் டீயும் பன்னும். அடுத்த வாரம் பைக் சாவி. "ஒரு ரவுண்டு போய்ட்டு வாடா" என்றார் அண்ணன். ஒரு மாதத்தில் கையில் பழைய செல்போன். அப்புறம் செலவுக்கு 200 ரூபாய்.

எல்லாம் இலவசம். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. மூன்று மாதம் வரை!

கேக் வெட்டும் கத்தி

'ரவுடி என்றால் பயந்து ஓடுவார்கள்' என்பது பழைய காலம். இப்போது 'கெத்து' என்று கிட்டே போகிறார்கள்.

2018 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழா நடந்தது. கேக் வெட்டியது பட்டாக்கத்தியால்! துப்பாக்கியோடு சுற்றி வளைத்த போலீசார் 70-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். ஊரே சிரித்தது. ஆனால் ஊரில் உள்ள சின்னப் பையன்கள் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகும், கத்தியோடு 'ரீல்ஸ்' போட்டுவிட்டு போலீசில் மாட்டிக்கொள்ளும் வாலிபர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வந்துகொண்டுதான் இருக்கிறது.

கல்லூரி வரை போனவர்களும் இதற்கு விலக்கு இல்லை. பஸ்சில் போகிறவர்களுக்கு 'ரூட்டு தல' என்றால் என்ன என்று சொல்லத் தேவை இல்லை. 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் ஓடும் பஸ்சை மறித்து, மாணவர்களே மாணவர்களைப் பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். பட்டப்பகலில், ஜனங்கள் பார்க்க! 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரெயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவர், சிகிச்சை பலன் இன்றி இறந்தே போனார். கொன்றவர்களும் மாணவர்கள்தான் என்கிறது வழக்கு.

சாகிறவனும் பிள்ளை. சாகடிக்கிறவனும் பிள்ளை. இரண்டு பக்கமும் அழுவது தாய்மார்கள்!

"பெரிய ரவுடி ஒருநாளும் தன் கையால கத்தியைத் தூக்க மாட்டான்" என்கிறார் ஓய்வு பெற்ற ஒரு ஏட்டு. 30 வருஷம் வடசென்னை ஸ்டேஷன்களில் வேலை பார்த்தவர். "கத்தியைத் தூக்க சின்னப் பையன் வேணும். கஞ்சாப் பொட்டலம் கொண்டு போக சின்னப் பையன் வேணும். எவன் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புறான்னு நோட்டம் பார்க்க சின்னப் பையன் வேணும். சின்னப் பையன் மேல யாருக்கும் சந்தேகம் வராது. மாட்டிக்கிட்டா ஜெயிலுக்குப் போறது பையன்தான். அண்ணன் வேற பையனைப் பார்த்துக்குவான்."

"ரெண்டே மாசம்டா..."

தம்பி விஷயத்திலும் அப்படியேதான் நடந்தது.

நாலாவது மாதம் அண்ணன் துணியில் சுற்றிய பொருளைக் கொடுத்தார். "ரெண்டு நாளைக்கு வீட்ல வெச்சுக்கடா. உன் வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்க" என்றார். தின்ற பிரியாணி தொண்டையில் நிற்கிறது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பி வாங்கிக்கொண்டான். அரிசிக்குள் புதைத்தான்.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய இடி.

"தம்பி, ஒரு மேட்டர் ஒண்ணு நடக்கப் போவுது. நீ எதுவும் செய்ய வேணாம். அப்பால போய் 'நான்தான் பண்ணேன்'னு நின்னா போதும். உனக்கு இன்னும் 18 ஆவலை. ரெண்டே மாசம்டா, வெளிய வந்துருவ. வீட்டுக்கு 50 ஆயிரம் கொடுத்துடுறேன். வந்தப்புறம் உன் பேரைச் சொன்னாலே ஏரியா அதிரும்!"

50 ஆயிரம்! தாய் ஒரு வருஷம் இட்லி விற்றாலும் சேர்த்து வைக்க முடியாத பணம். தம்பி இரண்டு நாள் தூங்கவில்லை. "அம்மாவுக்குக் கடன் இருக்குது. போயிட்டு வந்துடலாம்னுதான் நினைச்சேன்" என்கிறான் இப்போது.

நல்லவேளை, அந்த இரண்டு நாளுக்குள் படி கத்தியில் பட்டுவிட்டது!

சட்டம் சொல்வது என்ன?

'மைனர் என்றால் ஒன்றும் ஆகாது' என்பது ரவுடிகள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பொய். இதில் பாதி மட்டுமே உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ பிள்ளைகள் வாழ்க்கையைத் தொலைத்திருக்கிறார்கள்.

2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் சிறார்தான். அவரை லாக்கப்பில் வைக்கக்கூடாது. சிறையில் அடைக்கக்கூடாது. கைவிலங்கு போடக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெயரையும் படத்தையும் வெளியிடக்கூடாது. சென்னையில் பல தலைமுறைப் பிள்ளைகள் பார்த்த கட்டிடம், கெல்லீசில் உள்ள அரசு கூர்நோக்கு இல்லம். சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதன்முதலாக வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான். அது 1920-ம் ஆண்டு.

ஆனால் 16 வயது முடிந்தவன் கொலை போன்ற கொடிய குற்றத்தில் மாட்டினால் கதையே வேறு. அவனுடைய மனநிலை, விஷயம் புரிந்து செய்தானா என்பதை எல்லாம் குழுமம் ஆராயும். தேவைப்பட்டால் பெரியவர்களை விசாரிப்பது போலவே விசாரிக்க, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்பலாம். அங்கே தண்டனை ஆனால், 21 வயது வரை பாதுகாப்பு இடம். திருந்தவில்லை என்றால் அதற்கு மேல் பெரியவர்கள் சிறை!

'ரெண்டே மாசம்' எங்கே? பல வருஷம் எங்கே?

இரண்டாவது பொய், 'அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது' என்பது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-வது பிரிவைப் பாருங்கள். குற்றம் செய்யச் சிறாரை அமர்த்தினாலே 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை. அந்தக் குற்றம் நடந்துவிட்டால், ஏவி விட்டவரே தன் கையால் செய்ததாகக் கருதி, அந்தக் குற்றத்துக்கு உரிய தண்டனையும் சேரும். சிறார் நீதிச் சட்டத்தின் 83-வது பிரிவும் இருக்கிறது. பெரியவர் யாரும் தனியாகவோ கும்பலாகவோ சட்டவிரோத வேலைக்குச் சிறாரைப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்ச ரூபாய் அபராதம். சிறாரை வைத்துக் கஞ்சாவோ சாராயமோ கடத்தினால் 78-வது பிரிவு. அதற்கும் 7 ஆண்டு வரை.

"இந்தப் பிரிவுகள் எல்லாம் புத்தகத்துல இருக்குது. ஆனா ஏவி விட்டவன் பேரைப் பையன் சொன்னாத்தானே கேஸ் நிக்கும்? பயத்துல பையன் சொல்ல மாட்டான். அவனுக்குத் தைரியம் சொல்ல ஒரு பெரிய மனுஷன் பக்கத்துல நிக்கணும்" என்கிறார், சிறார் வழக்குகளில் ஆஜராகும் ஒரு வழக்கறிஞர்.

டீக்கடை அண்ணாச்சி

தம்பியின் பக்கத்தில் நின்றவர் யார்? மந்திரி இல்லை. பெரிய அதிகாரி இல்லை. தெருமுனை டீக்கடைக்காரர்!

கத்தியைக் கண்ட தாய், அதை மீண்டும் துணியில் சுற்றினாள். கால்வாயில் வீசி விடலாமா? மகனிடமே கேட்கலாமா? போலீசுக்குப் போனால் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்களே? ஒரு மணி நேரம் யோசித்தாள். பிறகு நேராக டீக்கடைக்குப் போனாள். அவள் விற்கும் இட்லிக்குச் சட்டினி அரைக்கத் தேங்காய் கடன் கொடுப்பவர் அந்த அண்ணாச்சி.

"அண்ணாச்சி, என் புள்ள கெட்டுட்டான் போல இருக்குது..."

அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கெடலம்மா. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். சொல்லாம விட்டது என் தப்பு."

அன்று இரவே ஓய்வு பெற்ற ஏட்டு வீட்டுக்கு மூன்று பேரும் போனார்கள். தாய், மகன், அண்ணாச்சி. ஏட்டு அதட்டவில்லை. அடிக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"50 ஆயிரம் தர்றேன்னு சொன்னானே... இதுக்கு முன்னாடி ஜெயிலுக்குப் போன பையன் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தான்? விசாரிச்சியாடா?"

தம்பி விசாரித்ததில்லை. ஏட்டு ஒரு வீட்டைக் காட்டினார். அடுத்த தெரு. அண்ணனுக்காகப் போன ஒருவனுடைய வீடு. அவனுடைய தாய் வீட்டு வேலை செய்து, வக்கீல் பீஸ் கட்டிக்கொண்டு இருந்தாள். ஒரு பைசா வரவில்லை! ஜாமீனுக்குக் கூட யாரும் வரவில்லை.

அந்த வீட்டு வாசலில்தான் தம்பி முதன்முதலாக அழுதான்.

மறுநாள் வழக்கறிஞரோடு போலீஸ் நிலையம் போனார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் சிறார் நல போலீஸ் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அதிகாரி யூனிபார்ம் இல்லாமல் சாதா உடையில் உட்கார்ந்து தம்பியிடம் பேசினார். பக்கத்திலேயே தாய். கத்தி ஒப்படைக்கப்பட்டது. யார் கொடுத்தது என்பதைத் தம்பி சொன்னான். சொல்லும்போது அவன் கை நடுங்கியது. ஆனாலும் சொன்னான்.

அண்ணன் கைது ஆனார். நடக்க இருந்த அந்த 'மேட்டர்' நடக்கவில்லை. வெட்டுப்பட இருந்தவர் யாரோ, அவருக்கு இன்று வரை விஷயம் தெரியாது. தம்பியை இரண்டு மாதம் திருவள்ளூரில் உள்ள சித்தி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள்.

மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை!

ஒரு பிள்ளை தப்பித்தான். மற்றப் பிள்ளைகள்?

"பையன் கெட்டுப்போறது 24 மணி நேரமும் இல்லை சார். சாயந்திரம் 4 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும்தான். அந்த ஆறு மணி நேரத்தை யார் பிடிக்கிறாங்களோ அவங்க பக்கம் பையன் போயிடுவான். நாம பிடிக்கலைன்னா அவன் பிடிப்பான்" என்கிறார் வடசென்னையில் கால்பந்து சொல்லிக் கொடுக்கும் ஒரு பயிற்சியாளர்.

இந்த உண்மையை வியாசர்பாடி எப்போதோ கண்டுபிடித்து விட்டது. முல்லை நகர் மைதானத்தில் உமாபதி, தங்கராஜ் ஆகியோர் 2000-ம் ஆண்டு வாக்கில் தொடங்கிய அமைப்பு, குடிசைப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் படிப்பும் சேர்த்துக் கொடுத்து வருகிறது. 'ரவுடி ஏரியா' என்று ஊர் ஒதுக்கிய வியாசர்பாடியில், இன்று வீட்டுக்கு வீடு கால்பந்து. இதே வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுபவரின் மகனாகப் பிறந்த நந்தகுமார் சேகர், இந்திய அணிக்கே ஆடினார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பைப் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அணிக்கு அவர் அடித்த ஒற்றைக் கோல், கொல்கத்தாவையே குலுக்கியது!

வடசென்னையின் இன்னொரு ஆட்டோ டிரைவரின் மகள் காசிமா. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்தார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. தெருவில் பொழுதுபோக்க ஆடுவது என்று நினைத்த கேரம், ஒரு குடும்பத்தையே தலைநிமிர வைத்தது.

கண்ணகி நகரையும் சொல்ல வேண்டும். நகரத்துக்குள் ஆற்றோரமும் கால்வாய் ஓரமும் குடியிருந்தவர்களை, 2000-ம் ஆண்டு முதல் துரைப்பாக்கம் பக்கம் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் ஆனது. தாய் தகப்பன் வீடு திரும்ப ராத்திரி ஆனது. அந்த ஆறு மணி நேரம் பிள்ளைகள் அனாதை! 'கண்ணகி நகர்' என்று விலாசம் எழுதினால் வேலை கொடுக்கத் தயங்கினார்கள். அதே விலாசத்தில் இருந்து கிளம்பிய கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைக் கேப்டன். அரசு 25 லட்ச ரூபாய் கொடுத்தது. இப்போது பெருமையோடு சொல்கிறார்கள், 'எங்க கண்ணகி நகர்!'

போலீசாரும் சும்மா இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்காகக் காவல் சிறார் மன்றங்கள் சென்னையில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. கேரம், உடற்பயிற்சி, மாலை டியூஷன் என்று அங்கே நடக்கும். 2022 செப்டம்பரில் 'சிற்பி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னையில் 100 பள்ளிகள். ஒரு பள்ளிக்கு எட்டாம் வகுப்பு மாணவர்கள் 50 பேர். மொத்தம் 5 ஆயிரம் பேர். முதல் தடவை சிறைக்கு வந்த இளைஞர்கள் மறுபடியும் வராமல் தடுக்க, 'பறவை' என்ற திட்டமும் உண்டு.

ஆனால் ஒரு குறை. 'சிற்பி' பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் தெருமுனையில் நிற்கிறான். அண்ணன் தேடுவது அவனைத்தான்! "கேரம் போர்டு வாங்கி வெச்சா மட்டும் மன்றம் ஆயிடாது. நாலு நாள் ஒரு பையன் வரலைன்னா, அவன் வீட்டுக்குப் போய் 'ஏன்டா வரலை'ன்னு கேட்க ஆள் வேணும்" என்கிறார் ஏட்டு.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை!

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் என்ற நகரம். 1991 முதல் 1995 வரை, 24 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 44 பேர் கொலையாகிக்கொண்டு இருந்தார்கள். ஆராய்ந்து பார்த்தார்கள். நகரத்து வாலிபர்களில் கும்பலில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ஆனால் கொலைகளில் நூற்றுக்கு 60-க்குக் குறையாமல் அவர்கள் சம்பந்தப்பட்டவை!

1996-ல் போலீசாரும், பாதிரியார்களும், சமூக ஊழியர்களும் ஒன்று சேர்ந்தார்கள். கும்பல் பையன்களை நேரில் கூப்பிட்டார்கள். "சுட்டால் உன் கும்பல் முழுவதையும் விடமாட்டோம். விலகி வந்தால் படிப்பு, வேலை எதற்கும் உதவி செய்வோம்" என்றார்கள். இரண்டையும் ஒரே மேடையில் சொன்னார்கள். 1996-ல் கொலையானவர்கள் 26 பேர். 1997-ல் 15 பேர்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரமும் இந்த வழியில் போனது. 2008-ல் கும்பல் பையன்களைக் கோர்ட்டு அறையிலேயே உட்கார வைத்தார்கள். போலீஸ் அதிகாரி பேசினார். கத்திக்குத்துக் காயங்களுக்குத் தையல் போட்ட டாக்டர் பேசினார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுந்து பேசினாள். முரட்டுப் பையன்கள் தலை குனிந்தார்கள்.

அதிகாரி சொன்னால் கேட்காதவனும் தாய் சொன்னால் கேட்கிறான். வியாசர்பாடி ஏட்டு, அடுத்த தெருத் தாயின் வீட்டைக் காட்டினாரே, அதுவும் இதேதான். அவர் கிளாஸ்கோவைக் கேள்விப்பட்டது கூட இல்லை!

நீங்கள் என்ன செய்யலாம்?

'இதெல்லாம் போலீஸ் வேலை' என்று பேப்பரை மடித்து வைத்து விடாதீர்கள். உங்களுக்கும் வேலை இருக்கிறது.

கடைக்காரர்களே! 18 வயது ஆகாத பையனுக்குச் சிகரெட் கொடுக்காதீர்கள். சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. திடீர் என்று புது செல்போன், புது செருப்பு, பெரியவர் பைக் என்று ஒரு பையன் வந்தால், அவனை ஏசாதீர்கள். அவன் தாயிடம் போய்ச் சொல்லுங்கள். அண்ணாச்சி மூன்று மாதம் முன்பே சொல்லியிருந்தால் கத்தி அரிசிக்குள் வந்திருக்காது.

ஆபீஸ் வேலை பார்ப்பவர்களே! உங்களுக்குத் தெரிந்த கணக்கை வாரத்துக்கு இரண்டு மாலை ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். தம்பி ரவுடியிடம் போனதற்கு முதல் காரணம் கத்தி ஆசை இல்லை. கணக்கில் பெயில்!

வேலை கொடுப்பவர்களே! விலாசத்தைப் பார்த்து விண்ணப்பத்தைக் கிழிக்காதீர்கள். நீங்கள் வேண்டாம் என்றவனை வேண்டும் என்று சொல்ல ஒருவன் காத்துக்கொண்டு இருக்கிறான்.

தாய்மார்களே! பிள்ளையை யாராவது மிரட்டினால், ஏவினால், மூடி மறைக்காதீர்கள். குழந்தைகள் உதவிக்கு 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. இரண்டும் காசு இல்லாமல் பேசலாம்.

மூலையில் இன்னொரு பையன்

தம்பி இப்போது திரும்பி வந்து விட்டான். காலையில் மைதானம். பகலில் அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் பாடம். துணைத் தேர்வு எழுதினான். கணக்கில் 41 மார்க்.

"சென்டம் வாங்குன மாதிரி தெரு முழுக்க மிட்டாய் கொடுத்துட்டாங்க எங்க அம்மா. வெக்கமாப் போச்சு" என்று சிரிக்கிறான்.

ஆனால் தாய்க்கு இன்னும் நிம்மதி இல்லை. அண்ணன் ஜாமீனில் வந்து விட்டார். நேருக்கு நேர் பார்த்தால் முறைத்துவிட்டுப் போகிறார். வழக்கு நடக்கிறது. தம்பி சாட்சி சொல்ல வேண்டும். "சொல்லுவேன்" என்கிறான். இரவு அவன் வீடு திரும்பும் வரை தாய் வாசலிலேயே உட்கார்ந்து இருக்கிறாள். தினமும் அரிசி அளக்கும்போது, முதலில் டிரம்மின் அடிவரை கையை விட்டுப் பார்த்த பிறகுதான் படியை எடுக்கிறாள்.

போன வாரம் மாலை. டீக்கடை எதிரே அதே தெருமுனை. அதே அண்ணன். அதே பைக். பின் சீட்டில் மட்டும் வேறு ஒரு பையன். வயது 14 இருக்கும். கையில் பிரியாணிப் பொட்டலம்.

அண்ணாச்சி பார்த்தார். இந்தத் தடவை மூன்று மாதம் காத்திருக்கவில்லை. பாய்லர் அடுப்பை அணைத்தார். தோளில் துண்டைப் போட்டார். கடைப்பையனிடம் கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"எங்க அண்ணாச்சி கிளம்பிட்டீங்க?"

"அந்தப் பையன் வீடு எதுன்னு தெரியும்டா. அவங்க அம்மாவைப் பார்த்துட்டு வந்துடுறேன்."